எட்டு மணி நேரமும் இருபது ஆளும்

1937 ஏப்ரல் 6 அன்று பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளுக்கெனத் தொழிலாளர் சட்டம் ஒன்றை ஆணையாகப் பிறப்பித்தது. ஆலையில் ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை, விடுப்பு, பேறுகாலப் பாதுகாப்பு, விபத்துக்கு ஈடு என்று இன்று சாதாரணமாகத் தோன்றும் பலவும் அதில் இருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஒருவரிடம் நாளுக்குப் பத்து மணி நேரமும் வாரத்துக்கு 54 மணி நேரமும் வேலை வாங்கலாம். அங்கே வார வரம்பு 48க்கு இறங்க 1946 ஆயிற்று. ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலை தங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது என்று புதுச்சேரித் தொழிற்சங்கத்தார் சொல்வது இந்த ஆணையை வைத்துத்தான்.

அந்த எல்லை மலையோ ஆறோ அல்ல. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிகளில் அது பெரும்பாலும் வயல்வரப்பிலேயே ஓடியது. பண்டசோழநல்லூர் போன்ற ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தென்னாற்காடு மாவட்டம் வந்துவிடும். அங்கே வேறு போலீஸ், வேறு சட்டம். பேச்சும் உறவும் ஒன்றாக இருந்த இரண்டு ஊர்களில், ஒன்றின் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு மற்றொன்றின் தொழிலாளிக்கு இல்லை.

பாரிசின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததல்ல இந்தச் சட்டம். சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பஞ்சாலைகளில் புதுச்சேரி நகரத்தாரும் சுற்றுக் கிராமத்தாரும் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். பின்னாளில் இவை சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி ஆலைகள் என்று அழைக்கப்பட்டன. விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வருவதுதான் வேலை நாள். சிறுவர்களும் நூற்றார்கள், பெண்கள் இரவிலும் நின்றார்கள். 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கிய வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டினார். 1935 பிப்ரவரியில் சவானா ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 84 நாள் நீடித்தது. நேரத்தைப் பத்து மணியாகக் குறைப்பது, பெண்களை இரவு வேலைக்கு அழைக்காதிருப்பது, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதமாவது பாதிச் சம்பளம் தருவது என்பவைதான் அதன் கோரிக்கைகள்.

அடுத்த ஆண்டு பிரான்சில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. அங்குள்ள தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வாரமும் சம்பளத்துடன் விடுப்பும் சட்டமாயின. அந்த உரிமை காலனிக்கு மட்டும் ஏன் இல்லை என்று புதுச்சேரித் தொழிலாளர் கேட்டனர். ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலையை நிறுத்தினர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். நேருவின் யோசனைப்படி சுப்பையா 1937இல் பாரிசுக்கே சென்று அமைச்சகத்தில் வழக்காடினார். ஏப்ரல் ஆணை அதன்பிறகே வந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 30இல் தொழிற்சங்கங்கள் அந்தப் பன்னிருவருக்கு அஞ்சலி செலுத்துகின்றன.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற சட்டம் ஆலைமதிலோடு நின்றது. நாற்று நட்டவருக்கும் கரும்பு வெட்டியவருக்கும் செங்கல் அறுத்தவருக்கும் எட்டு மணி என்ற கணக்கே கிடையாது. ஒரே வீட்டில் அண்ணன் மில்லுக்குப் போனால் அவன் சட்டத்துக்குள். தம்பி பண்ணை வேலைக்குப் போனால் சட்டத்துக்கு வெளியே. தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றைக் கிராமத்திலிருந்து பார்க்கும்போது முதலில் எழும் கேள்வி, சட்டம் என்ன தருகிறது என்பதல்ல, அது யாரைக் கணக்கில் எடுக்கிறது என்பதுதான்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான ஆட்சியுரிமையும் இந்தியாவுக்கு மாறின. 1963இல் இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன: 1947இன் தொழிற்தகராறு சட்டம், 1948இன் தொழிற்சாலைச் சட்டம், அதே ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் முதலியவை. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பட்டியலில் விவசாய வேலையும் இருந்தது; பண்ணையாளுக்குக் கூலி வரையறுக்கும் கடமை அரசுக்கு வந்தது அதனால்தான். மற்றவை பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையை வைத்தே தொடங்கின. மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. மின்சாரம் இல்லையென்றால் 20 பேர் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கு 20 பேர். ஆலையை மூட அரசின் முன்அனுமதி கேட்பதற்கு 100 பேர். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்தால் ஒரு சட்டமே கழன்றுவிடும். ஒன்பதாவது ஆளோடு பதிவேட்டை முடித்துவிட்டு மற்றவர்களை மேஸ்திரி கணக்கில் எழுதும் வழக்கம் வந்ததற்கு இதுவே காரணம்.

இந்தப் பழைய கட்டடத்தைத்தான் ஒன்றிய அரசு இடித்துக் கட்டியிருக்கிறது. 29 சட்டங்கள் நான்கு தொகுப்புகளாயின. ஊதியத் தொகுப்பு 2019இல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் உடல்நலமும் பணிச்சூழலும் என்ற மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில் நிறைவேறின. ஐந்து ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21 அன்று நான்கும் நடைமுறைக்கு வந்தன. தொழிலாளர் பொதுப்பட்டியலில் இருக்கும் பொருள் என்பதால், பெரும்பாலான தொழில்களுக்கு நடைமுறை விதிகளை வகுப்பது மாநில, ஒன்றியப் பகுதி அரசுகளின் பொறுப்பு. சட்டத்தின் பல இடங்களில் ‘விதிகளில் கூறப்படுமாறு’ என்ற தொடர் வருகிறது. பாதிச் சட்டம் அந்தத் தொடருக்குள்தான் இருக்கிறது.

நான்கில் கிராமத்துக்கு அதிகம் நெருங்கி வருவது ஊதியத் தொகுப்பு. முன்பு அரசுப் பட்டியலில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம். இப்போது பட்டியல் இல்லை. எந்த வேலையானாலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அடித்தள ஊதியத்தை ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே போக முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். வேலையைவிட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது கூடாது. திருநர்களையும் இந்தப் பாதுகாப்பு உள்ளடக்குகிறது. களையெடுப்பிலும் கட்டட வேலையிலும் ஆண்கூலி, பெண்கூலி என்று இரண்டு விலை பேசுவது இன்றும் பேச்சுவழக்கிலேயே ஊறியிருக்கிறது. சமஊதியச் சட்டம் 1976லிருந்தே இருந்தும் அந்த வழக்கம் மாறவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

‘ஊதியம்’ என்பதன் இலக்கணமும் மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டி வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் குறைப்பது பல நிறுவனங்களின் பழக்கம். இனி ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். கைக்கு வரும் தொகை சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். பின்னாளில் கிடைக்கும் பணிக்கொடை கூடும். சரியான மாற்றம் இது.

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் புதிதாக நுழைந்திருப்பவர் செயலி வழியாக வேலை செய்பவர். உணவு கொண்டு தருபவரும் வாடகை வண்டி ஓட்டுபவரும் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்குப் பழைய சட்டங்களில் விடை இல்லை. இப்போதும் அவர்கள் ஊழியர் ஆக்கப்படவில்லை. ஆனால் அந்த நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளர்களுக்குத் தரும் தொகையின் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கென வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு ஐந்தாண்டுக்குப் பதில் ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். ஈ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு மட்டும் இருந்த இந்த உரிமை இப்போது இழப்பீடு பெறும் மற்றவர்களுக்கும் விரிந்திருக்கிறது. பண்டசோழநல்லூரிலிருந்தும் கரிக்கலாம்பாக்கத்திலிருந்தும் கிருமாம்பாக்கம், மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் நேரத்தில் பைக்கில் விரைபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வரி இந்தத் தொகுப்பில் இல்லை. அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்புத் தொகுப்புதான் கவலை தருகிறது. அதிலும் நல்லவை இருக்கின்றன. எல்லோருக்கும் பணிநியமனக் கடிதம் தருவது கட்டாயம். வரையறுக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல்பரிசோதனை. சம்பளத்துடன் விடுப்புக்கு 240 நாள் வேலை வேண்டும் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. ஆள்பிடிப்பவர் மூலமாக வந்தவரை மட்டுமின்றித் தானாகவே வந்த வடமாநிலத்தவரையும் புலம்பெயர் தொழிலாளர் என்று சட்டம் ஏற்கிறது. கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் ஆணையிடலாம்.

ஆனால் எண்கள் உயர்ந்துவிட்டன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 என்றிருந்த தொழிற்சாலை வரம்பு 20. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40. ஒப்பந்தத் தொழிலாளருக்கான விதிகள் 20க்குப் பதில் 50 பேரிலிருந்துதான் தொடங்குகின்றன. 10 பேர் உள்ள இடத்துக்குப் பாதுகாப்புத் தொகுப்பின் பொதுக்கடமைகள் பொருந்தும். அபாயகரமான வேலை என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ஒரே ஆள் இருந்தாலும் சட்டம் வரும். ஆயினும் தொழிற்சாலைக்கே உரிய வரைபட ஒப்புதலும் உரிமமும் 10 முதல் 19 பேர் வரை உள்ள பட்டறைக்கு இனி இல்லை. பிரஸ் மெஷினில் விரல் போவதும் பிளாஸ்டிக் வார்ப்பில் கை வெந்துபோவதும் பெரிய கம்பெனிகளைவிடச் சின்னப் பட்டறைகளில்தான் எளிதில் நடக்கின்றன. அங்கே பாதுகாப்பு அதிகாரி இல்லை. இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றி வைத்தால் வேலை வேகமாக நடக்கும். முதலாளியும் பல நேரங்களில் பக்கத்திலேயே நின்று வேலை செய்பவர்தான். மோசமானவர் என்று சொல்லிவிட முடியாது. கேட்க ஆள் வேண்டிய இடம் அது. சிறுதொழிலுக்குப் படிவங்களையும் கட்டணத்தையும் குறைத்துக்கொடுப்பது நியாயம். பாதுகாப்பு விதியைத் தளர்த்துவதில் அந்த நியாயம் இல்லை.

ஆய்வு முறையும் மாறியிருக்கிறது. ஆய்வாளர் இனி ‘ஆய்வாளரும் வழிகாட்டியும்’ ஆவார். எந்த நிறுவனத்துக்கு எப்போது போவது என்பதைக் கணினி குலுக்கலாகத் தேர்ந்தெடுக்கலாம். ஊதியத் தொகுப்பின்படி, வழக்குப் போடுமுன் தவறைத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதே தவறு மறுபடி நடந்தால்தான் அந்தச் சலுகை போகும். லஞ்சத்தையும் தொல்லையையும் இது குறைக்கும் என்பது அரசின் வாதம். அதில் உண்மை உண்டு. அதேவேளை, முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் ஆய்வாளர் உள்ளே நுழையலாம் என்ற உலகத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949இலேயே ஏற்றிருக்கிறது. கணினி சொன்ன நாளில் மட்டும் ஆய்வு என்றால், அந்த ஏற்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

வீடு கட்டும் வேலையில் கிராமத்துக்கு நேரும் இழப்பு இன்னும் தெளிவானது. நெட்டப்பாக்கம், பாகூர் பக்கம் விவசாயம் சுருங்கியபோது கொத்தனாராகவும் சித்தாளாகவும் போனவர்கள் ஏராளம். 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டங்கள் கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டை நல வரியாக வசூலித்து நலவாரியம் நடத்த வழிசெய்தன. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்ச ரூபாய் வரை விலக்கு இருந்தது. புதிய தொகுப்புகளில் அந்த விலக்கு 50 லட்சம் ஆகிவிட்டது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமும் ‘கட்டட வேலை’ என்ற இலக்கணத்தில் வராது. கிராமத்தில் 50 லட்சத்துக்கு வீடு கட்டுபவர் எத்தனை பேர்? வீடு கட்டுபவருக்கு இது சுமைக்குறைப்பு. சாரத்திலிருந்து விழும் சித்தாளுக்கு, அந்த இடம் பாதுகாப்பு விதிகள் தேடி வராத இடம். வரியை நீக்குவதும் பாதுகாப்பை நீக்குவதும் இரண்டு தனிக் கேள்விகள். சட்டம் இரண்டையும் ஒரே வரம்பால் அளந்துவிட்டது.

எட்டு மணி நேரத்தின் கதையும் இதே தொகுப்பில்தான் தொடர்கிறது. ஒரு நாள் வேலை எட்டு மணி என்று தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் இடைவேளை சேர்த்து ஒருவரை எத்தனை மணி நேரம் வளாகத்தில் வைத்திருக்கலாம், மூன்று மாதத்தில் எவ்வளவு மிகைநேரம் வாங்கலாம் என்பவை பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் சட்டவரியாகவே இருந்தன. மொத்த நேரம் பத்தரை மணி. காலாண்டு மிகைநேரம் பொதுவாக 50 மணி. இப்போது இவை அரசு விதிகளுக்கு விடப்பட்டுள்ளன. மிகைநேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பது ஒரு காப்பு. சட்டத்தை மாற்ற அவையில் விவாதம் நடக்க வேண்டும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை நெகிழ்த்தி 12 மணி வரை கொண்டுபோக இடம்தரும் திருத்தம் பேரவையில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். விவாதம் அவைக்கு வந்ததால்தான் அந்தப் பின்வாங்கல் நடந்தது.

பெண்களின் இரவு வேலையும் அப்படியே. 1935இல் சவானா ஆலைப் பெண்கள் இரவு வேலையிலிருந்து விடுபடப் போராடினார்கள். 1948இன் சட்டம் மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைவாங்கத் தடை விதித்தது. புதிய தொகுப்பு, பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் அந்த நேரத்திலும் வேலை செய்யலாம் என்கிறது. தடையைச் சமத்துவத்துக்கு எதிரானதாகக் கண்ட பெண்களுக்கு இது திறந்த கதவு. ஆனால் மறுத்தால் நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தப் பெண்ணின் கையெழுத்து எந்த அளவுக்குச் சம்மதம்? நள்ளிரவு ஷிப்ட் முடிந்து கடைசிப் பஸ் போய்விட்ட பிறகு, தெருவிளக்கு எரியாத கிராமச் சாலையில் வீட்டு வாசல்வரை வண்டி வருகிறதா என்பதில்தான் இந்தப் பிரிவின் மதிப்பு நிற்கிறது.

தொழில் உறவுகள் தொகுப்பு சங்கங்களைப் பற்றியது. 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கப்படும்; அப்படி எதுவும் இல்லாவிட்டால் பேச்சுக் குழு அமையும். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டுப்பாடு இப்போது எல்லா ஆலைக்கும் உண்டு. 14 நாளுக்கு முன் நோட்டீஸ் தராத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு 100லிருந்து 300 ஆயிற்று. ஆட்குறைக்கப்பட்டவருக்கு 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகை மறுபயிற்சி நிதியிலிருந்து கிடைக்கும். பல தலைமுறைகளுக்கு வேலை தந்த ஏ.எஃப்.டி. ஆலை ‘தானே’ புயலில் சேதமடைந்து, தள்ளாடி, 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டதைப் புதுச்சேரிக் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அது அரசு ஆலை. இன்றைய தொழிற்பேட்டையில் 300 பேருக்குக் குறைவாக உள்ள ஒரு தனியார் நிறுவனம் மூடப்படுமுன் அரசிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வயல்வேலை செய்பவருக்கு நான்கு தொகுப்புகளிலும் முக்கியமாகக் கிடைப்பது இரண்டு: குறைந்தபட்ச ஊதியம், அமைப்புசாராத் தொழிலாளர் என்ற பதிவு. ஆதார் எண்ணுடன் செய்யப்படும் இந்தப் பதிவுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளம் இருக்கிறது. டிராக்டர் போன்ற இயந்திரம் கொண்டு நடக்கும் விவசாய வேலையில் அடிபட்டவருக்குப் பழைய இழப்பீட்டுச் சட்டத்திலேயே வழி இருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்ட இன்று அது அதிகம் தேவைப்படும்.

உரிமை மீறப்பட்டால் வழி என்ன? கூலி பாக்கிக்கு முன்பு சட்டத்துக்குச் சட்டம் வேறான, குறுகிய காலக்கெடு இருந்தது. இப்போது மூன்று ஆண்டு வரை கேட்கலாம். தொழிலாளியே நேரில் கேட்கலாம், அவருடைய சங்கமும் கேட்கலாம். மனுவை விசாரிக்கும் அதிகாரி மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை ஈடாகத் தரச்சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. கூலி கொடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே, தொழிலாளியுடையது அல்ல. அதற்கு முன்னதாக அங்கே வேலை செய்ததைக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். நியமனக் கடிதத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் நிலையில், சேர்ந்த நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது தொழிலாளியின் உரிமை.